திரும்பி வராத சாமான்

உலக சமாதானம் எங்கள் ஊரில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாது. மூச்சு வாங்க ஏறிப் போனால் இடது பக்கம் ஒரு கதவு. கதவுக்கு மேலே பலகை: "இராணுவப் பயன்பாட்டுக்குரிய வான்கலங்கள், ஏவுகணைகள் மற்றும் அவை போன்றவற்றின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகம்." கதவு சின்னது, பலகை நீளம். அதனால் "அலுவலகம்" மட்டும் பக்கத்துக் கழிப்பறைக் கதவுக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும்.

தப்பான ஆட்கள் கைக்குத் தப்பான சாமான் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. நல்ல வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். நாம் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால் அவர்கள் பகலில் விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் போக.

நான் கல்யாண போட்டோக்காரன். உனக்கும் ஏவுகணைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னெல்லாம் கல்யாணம் நடக்கும், அதை போட்டோ எடுப்போம். இப்போது போட்டோவுக்கு நேரம் குறித்து, அதற்குத் தோதாகக் கல்யாணத்தை வைத்துக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வானத்தைப் பார்த்துச் சிரித்தால்தான் கல்யாணம் செல்லுபடியாகும். வானத்தில் பார்க்க ஏதாவது வேண்டுமே? அதற்குத்தான் ட்ரோன். அதிலும் இப்போது புது மோஸ்தர் ஒன்று வந்திருக்கிறது. ட்ரோனுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. பட்டனை அழுத்தினால் பெட்டி திறந்து ரோஜா இதழ் கொட்டும். சரியாகப் பெண்ணின் தலையில் கொட்ட வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போய் மாமனார் வழுக்கையில் விழுந்தால் அந்தக் குடும்பத்தில் அடுத்த கல்யாணத்துக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள். என் கையில் ஒரு இதழ்கூடத் தப்பாது. பெருமைக்குச் சொல்லவில்லை, இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

என் தங்கச்சி வெளிநாட்டில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, அதுவும் அங்கேயே. "இங்க வந்து பண்ணிக்கோயேம்மா" என்றேன். "என்னால வர முடியாதுண்ணா" என்றாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். போனை வைக்கும்போது சொன்னாள்: "ஊர்ல எத்தனை பொண்ணுங்க தலையில பூ கொட்டியிருக்க. என் தலையில மட்டும் கொட்டாம விட்டுடாதண்ணா."

அம்மா அப்பா போன பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். படிக்கிற காலத்தில் ஒரு சைக்கிள்கூடக் கேட்டதில்லை. "கொட்டாம இருப்பேனா, லூசு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ட்ரோனை அப்படியே கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே அனுமதி வாங்கு என்று கூட்டாளி ஒருவன் பயமுறுத்தினான். என் வீட்டுக்காரி அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள். "கேக்கப் போனா இல்லைன்னுதான் சொல்வாங்க. கேக்காம இருந்தா அவங்களுக்கு எதுவுமே தெரியாது." நான் ஒழுங்கான குடிமகன். மூன்று மாடி ஏறினேன்.

அதிகாரி தங்கமான மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பக்கத்து மேசையில் உதவியாளர் அம்மா. விதிப் புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். மேசைமேல் ட்ரோனை வைத்தேன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இது பறக்குமா?"

"பறக்கும் சார்."

"உள்ள ஆள் இருப்பாங்களா?"

அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தது. "இடம் பத்தாது சார்."

"ஆளில்லா வான்கலம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எதையாவது தூக்கிட்டுப் போகுமா?"

"பூ சார்."

"சுமை. அதை மேலேருந்து போடுமா?"

"பட்டனை அழுத்தினா போடும்."

பேனா நின்றது. உதவியாளர் அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"யார் தலையில போடப் போறீங்க?"

"தங்கச்சி தலையில சார்."

"கூடப் பொறந்தவ மேலயா!" என்று பதறிப்போனார்.

"ரோஜா இதழ் சார். முள்ளுகூட இல்ல."

"இன்னைக்குப் பூ. நாளைக்கு?"

"நாளைக்கு அவ டியூட்டிக்குப் போயிடுவா சார், லீவு இல்ல."

சாமான் யார் கைக்குப் போகிறதோ அவர் அதைக் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார் உதவியாளர் அம்மா. அங்கேயே தங்கச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்படி கலத்தையோ, அதிலிருந்து விழும் பொருளையோ, பேரழிவு விளைவிக்கும் நோக்கத்துடன் மூன்றாம் தரப்பினர் எவர் மீதும் பிரயோகிக்க மாட்டீர்கள் என உறுதி கூறுகிறீர்களா?" என்று கேட்டார்.

"மூணாம் தரப்புன்னா என் மாமியாரா சார்?"

"அவங்களும் அடங்குவாங்க."

"இப்பவே சொல்லணுமா? இன்னும் கூட இருந்தே பாக்கலையே சார்" என்றாள் அந்தக் கழுதை. அதுவும் பதிவாயிற்று.

"சரி, இது எங்க செஞ்சது?"

எனக்கு உயிர் வந்தது. "அவ இருக்கிற நாட்டுலதான் சார். அங்கதான் செய்யறாங்க. அங்க கடைக்குக் கடை தொங்குது."

"அப்ப நம்ம தொழில்நுட்பம் அவங்க கைக்குப் போயிடும்."

"அவங்க தொழில்நுட்பம்தானே சார் இது?"

"இப்ப யார்கிட்ட இருக்கு? நம்மகிட்ட. அவங்ககிட்டேருந்தே அதைக் காப்பாத்த வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கா, இல்லையா?"

நான் ட்ரோனை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டபோது டை கட்டிய ஒருவர் உள்ளே வந்தார். பெரிய கம்பெனிக்காரர். கீழே வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றதே, அது அவருடையது. லாரியில் ஏதோ நீளச் சாமான். தார்ப்பாய் போட்டு மூடியும் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் வைக்க இடம் இல்லாத எரிச்சலில் நான் என் மஞ்சள் ஹெல்மெட்டை அந்த முனையில்தான் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

"கொஞ்சம் அவசரம் சார்" என்றார் கம்பெனிக்காரர்.

"உங்களுது பறக்குமா?"

"பிரமாதமா பறக்கும்."

"ஆள்?"

"கிடையாது."

"சுமை?"

"நிறைய."

"எவ்வளவு தூரம் போகும்?"

"நாலு நாடு தாண்டும் சார்."

செத்தான் இவன், என்று நினைத்தேன். அதிகாரி நிதானமாகக் கேட்டார்: "திரும்பி வருமா?"

கம்பெனிக்காரர் சிரித்தார். "போனது போனதுதான் சார்."

"அப்ப எதுக்கு சார் இத்தனை படி ஏறினீங்க?" அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. "இங்க நாங்க பாக்கிறது மறுபடி மறுபடி பயன்படுத்துற கலங்களை மட்டும்தான். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற சாமானுக்கெல்லாம் கீழ, தரைத்தளத்துல."

"பேப்பர் கப் கவுண்டர்" என்று எடுத்துக்கொடுத்தார் உதவியாளர் அம்மா. "பேப்பர் கப், பிளாஸ்டிக் கரண்டி, சாரோட சாமான் எல்லாம் ஒரே பிரிவு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "வெளியில பலகையில ஏவுகணைன்னு போட்டிருக்கே சார்?"

"திரும்பி வர்ற ஏவுகணை" என்றார் அதிகாரி, குழந்தைக்குச் சொல்வது போல. "இதுவரைக்கும் யாரும் கொண்டு வரல. வந்துதுன்னா லேசுல விடமாட்டேன்."

நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கீழே லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஹெல்மெட் போயே போச்சு.

"சார், என்னுதும் திரும்பி வராதுன்னு போட்டுக்கோங்களேன்."

"வருமா, வராதா? உண்மையைச் சொல்லுங்க."

பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் அந்த மாடிக்கு வரப் போகிறேன்? "பட்டனை அழுத்தினா நாய்க்குட்டி மாதிரி காலடியில வந்து நிக்கும் சார்" என்று பெருமை வேறு பேசித் தொலைத்தேன்.

மறுநாள் செயல்முறைப் பரிசோதனை. வண்டி நிறுத்துமிடத்தின் நடுவே ஒரு நாற்காலி போட்டார்கள். பரிசோதனைக்கு வந்த குழுவினர் தூணுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்கள். மணப்பெண் இடத்தில் யார் உட்காருவது என்று கேள்வி வந்தது. "நாட்டுக்காக" என்று அதிகாரியே போய் உட்கார்ந்தார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. நான் விடுவேனா? தொழிலில் கற்ற வித்தையெல்லாம் காட்டினேன். ட்ரோன் ஏறியது, வட்டமடித்தது, நின்றது. இதழ் அத்தனையும் அவர் உச்சந்தலையில் இறங்கியது. தோளில்கூட ஒன்று விழவில்லை.

அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தார். "நல்லாத்தான்யா இருக்கு" என்றார். வாழ்க்கையில் அவர் தலையில் யாரும் பூ போட்டதில்லை போல. குழுவினர் தூணைவிட்டு வெளியே வந்து கைதட்டினார்கள்.

"குறி தப்பவே இல்லையே சார்" என்றார் உதவியாளர் அம்மா.

கைதட்டல் பொசுக்கென்று நின்றது. அதிகாரி தலையிலிருந்த இதழை ஒவ்வொன்றாக எடுத்தார். "துல்லியத் தாக்குதல் திறன்" என்றார் வருத்தத்தோடு. "கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா விட்டிருக்கலாம். ஏன்யா இப்படிப் பண்ணினீங்க?"

ட்ரோனை மாடிக்குக் கொண்டுபோய், அரக்கு முத்திரை வைத்து பீரோவில் பூட்டினார்கள். மேல்முறையீட்டை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்வார்களாம். கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

கோபம் வந்தால் வாயை மூடிக்கொள் என்று என் வீட்டுக்காரி எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். "நீங்களே வெச்சுக்கோங்க சார்!" என்று கத்தினேன். "அண்ணன்காரன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஏணியில ஏறி என் கையால கொட்டிக்கிறேன்!"

அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"நீங்க அங்க எப்படிப் போறீங்க?"

"பிளேன்ல சார்."

"பறந்து. கையில?"

"பூ…"

"சுமை. மேலே ஏறி, இலக்கின் தலையில."

"துல்லியமா" என்றார் உதவியாளர் அம்மா.

"ரிட்டன் டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

"பின்ன? ஸ்டுடியோ இங்க இருக்கு, பொண்டாட்டி இங்க இருக்கா!"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "மீண்டும் பயன்படுத்தத்தக்கது" என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

"சார், நான் மனுஷன் சார்! ஆளில்லா கலம்னுதானே விதி?"

அவர் தயங்கினார். நியாயமான கேள்விதான் என்று அவருக்கே பட்டது. உதவியாளர் அம்மாதான் கை கொடுத்தார். "கல்யாண வீட்டுல போட்டோக்காரரை யார் சார் ஆளா மதிக்கிறாங்க?"

எத்தனை கல்யாணத்தில் எல்லாரும் கை கழுவிய பிறகு மீந்ததைச் சாப்பிட்டிருக்கிறேன்! கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் வரிசையில் "அண்ணன், ஒன்று" என்று ஏற்றிவிட்டார்கள்.

என் முகத்தைப் பார்த்து அதிகாரிக்குப் பாவமாகிவிட்டது. "ஒரே ஒரு வழி இருக்கு" என்றார். "திரும்பி வரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. கீழயே முடிஞ்சிடும்."

பேப்பர் கப் கவுண்டரில் வரிசை தெருவரைக்கும் நின்றது. முன்னால் நின்ற சின்னப் பெண்ணிடம், "நீ என்னம்மா அனுப்பற, கப்பா?" என்று கேட்டேன். "என்னைத்தாங்க" என்றாள். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நர்ஸுகள், வெல்டர்கள், கம்ப்யூட்டர் படித்த பையன்கள், கழுத்தில் மாலைக் கயிற்றின் தடம்கூட மறையாத ஒரு புது ஜோடி. எல்லார் கையிலும் பெட்டி. கவுண்டர்காரர் தலையை நிமிர்த்தாமலே முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அத்தனை வேகமான கவுண்டரை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

தங்கச்சி ஏன் இங்கே வர முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளும் இதே வரிசையில் நின்றிருக்கிறாள். இதே கையெழுத்தைப் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் விடமாட்டேன் என்று மூச்சுக் காட்டாமல் போயிருக்கிறாள்.

அதிகாரி டீ குடிக்கக் கீழே வந்திருந்தார். என் பக்கத்தில் நின்று வரிசையைப் பார்த்தார். "என் பையனும் இதுலதான் போனான். சட்டுனு முடிஞ்சிடும், கஷ்டமே தெரியாது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். "வரமாட்டேன்னு எழுதிக் கொடுக்கணுமாம்டி."

"கொடுத்துட்டுப் போ. கல்யாணம் முடிஞ்சதும் கிளம்பி வா."

"எழுதிக் கொடுத்துட்டு எப்படி வர்றது?"

"நீ எதை எழுதிக் கொடுத்தபடி செஞ்சிருக்க? சொன்ன தேதியில ஒரு ஆல்பம், ஒரே ஒரு ஆல்பம், யாருக்காவது கொடுத்திருக்கியா?"

கையெழுத்துப் போட்டேன்.

கல்யாண ஹாலில் எலக்ட்ரீஷியனிடம் ஏணி கேட்டு வாங்கினேன். ஆடுகிற ஏணி. அத்தனை பேர் நடுவே, பூத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏறினேன். தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்கள் மேலே பார்த்துச் சிரித்ததைப் படம் பிடித்திருக்கிறேன். எல்லாரும் மிஷினைப் பார்த்துச் சிரித்தார்கள். இவள் என்னைப் பார்த்தாள். "அண்ணா, விழுந்துடாதடா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. தட்டு கையைவிட்டு நழுவியது. பாதிப் பூ அவள் தலையில் விழுந்தது. மீதி, பக்கத்தில் நின்ற மூன்றாம் தரப்பினர் தலையில் தட்டோடு விழுந்தது. அந்த அம்மா நல்லவர், சிரித்துக்கொண்டே தலையைத் தடவிக்கொண்டார். என் வாழ்க்கையில் குறி தப்பிய ஒரே கல்யாணம் அதுதான். அதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நான் திரும்பி வரப் பெட்டி கட்டுவதற்குள் போன் மேல் போன். "ட்ரோனெல்லாம் பழசுங்க. ஏணி இருக்கா? ஏறி நின்னு அழணும். பொண்ணுக்கு அண்ணன் கிடையாது, நீங்களே ஒரு அண்ணனையும் கூட்டிட்டு வந்துடுங்க."

ஊர் விமான நிலையத்தில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மரியாதையாகக் கையைப் பிடித்து அழைத்துப் போய் மூன்றாவது மாடியில் விட்டார்கள்.

"உங்களை நம்பினேனே" என்றார் அதிகாரி. நிஜமாகவே மனசு உடைந்து போயிருந்தார்.

"இந்தத் தடவை குறி தப்பிடுச்சு சார். பாதி மாமியார் மேல விழுந்துடுச்சு."

"அது தனி வழக்கு. இப்ப கேள்வி, ஏன் திரும்பி வந்தீங்க?"

"என் வீடு இங்க இருக்கு சார்!"

"எல்லாரும் இப்படிச் சொல்லிட்டு வந்தா பேப்பர் கப் பிரிவோட கதி என்னய்யா ஆகும்?"

அந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்துக் கேட்ட உதவியாளர் அம்மாவின் முகம் வெளிறியது. "சார், பாதுகாப்புத் துறையிலேருந்து. அன்னைக்குக் கம்பெனிக்காரர் அனுப்பினாரே நீளச் சாமான், அதை வாங்கினவங்க வேற யாருக்கோ வித்துட்டாங்களாம். அவங்க அதை நம்ம பக்கமாத் திருப்பி வெச்சு…"

"வெச்சு?"

"கிளம்பிடுச்சாம் சார்."

"நம்ம சாமான்தான்னு எப்படிச் சொல்றாங்க?"

"முனையில ஒரு மஞ்சள் ஹெல்மெட் மாட்டியிருக்காம்."

"அது என்னுது சார்" என்று உளறிவிட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "திரும்பி வராதுன்னு சொன்னாரே!" என்றார் அதிகாரி. அவர் முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேசையைத் துடைத்தார். பேனாவைத் திறந்தார். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவையாக, திரும்பி வருகிற ஏவுகணை.

"அப்ப இது நம்ம பிரிவு" என்றார்.

நான் அதற்குள் மாடிப்படியில் இருந்தேன். எனக்கு முன்னாலேயே உதவியாளர் அம்மா கைப்பையோடு இறங்கிக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் அதே வரிசை, அதே பெட்டிகள். "ஓடுங்க! ஏவுகணை வருது, ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் நகரவில்லை. "நகர்ந்தா இடம் போயிடும்ல?" என்றார் ஒருவர். பின்னால் நின்றவர் அதற்குள் அரை அடி முன்னால் நெருங்கி நின்றுகொண்டார்.

மூன்று மாடிக்கு மேலிருந்து அதிகாரியின் குரல் படிக்கட்டு வழியாக எதிரொலித்தபடி இறங்கி வந்தது.

"வந்துதுன்னா நேரா மேல அனுப்புங்க! லிஃப்ட் வேலை செய்யலைன்னும் சொல்லிடுங்க!"